கொள்ளிடத்தில் வெள்ளம் வந்த அந்த ஆகஸ்ட்: நீங்கள் எங்கே இருந்தீர்கள்?

படுகைக்காரன்:
2018. மேட்டூர் அணை நிரம்பி, காவிரியின் வெள்ள வடிகாலான கொள்ளிடத்தில் உபரிநீரைத் திறந்தால், ஆற்றுக்கும் கரைக்கும் நடுவே படுகையில் இருக்கும் நாதல்படுகை, முதலைமேடு பக்கம் என்ன ஆகும் என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும். தண்டோரா போட்டார்கள், மாடுகளைக் கரைக்கு ஓட்டிவிட்டோம். அம்மா மட்டும் வீட்டை விட்டு வர மறுத்துவிட்டார். விடிந்தபோது வாசலில் இடுப்பளவு கலங்கல் தண்ணீர். அதில் நின்றுகொண்டு ஒரு காலிக் குடத்தைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்திருந்தார், படகில் குடிதண்ணீர் வரும் என்று. எங்கள் கைப்பம்பில் உப்புத் தண்ணீர்தான் வரும். ஆறு வற்றினால் கடல் உள்ளே ஏறி ஊற்றைக் கெடுத்துவிடுகிறது. ஆறே வீட்டுக்குள் வந்த நாளிலும் குடம் காலி. அந்தக் குடம் இன்னும் என் கண்ணை விட்டுப் போகவில்லை.

கடைமடை விவசாயி:
உங்கள் வேதனை புரிகிறது தம்பி. அதே வாரம் தலைஞாயிறு பக்கம் எங்கள் வாய்க்காலில் கால் நனையத் தண்ணீர் இல்லை. விதைநெல்லைக் கையில் வைத்துக்கொண்டு வரப்பில் நிற்கிறேன். தம்பி மகன் ஓடிவந்து, கொள்ளிடம் கரை தொட்டுப் போகும் காணொளியைக் கைபேசியில் காட்டினான். "பெரியப்பா, இது நம் காவிரித் தண்ணீர்தானே?" என்று கேட்டான். அவன் காலடியில் நண்டு வளைகூடக் காய்ந்து வெடித்திருந்தது. எனக்குப் பதில் வரவில்லை. மேட்டூருக்குக் கீழே இன்னொரு பெரிய அணை இருந்திருந்தால் நம் இருவருக்குமே இந்தக் கதி இல்லை.

கரைக்காவல்:
அணை இருந்திருந்தால் என்று சொல்வது சுலபம் ஐயா. ஆகஸ்ட் 22 இரவு, காவிரியிலிருந்து கொள்ளிடம் பிரியும் முக்கொம்பில் ஒன்பது மதகுகள் உடைந்து போயின. 1836-இல் ஆங்கிலேயப் பொறியாளர் ஆர்தர் காட்டன் கட்டத் தொடங்கிய மேலணை அது. மணல்மூட்டை அடுக்கிய வரிசையில் நானும் இருந்தேன். போட்ட மூட்டை கண் எதிரே உருண்டு போகும். அடுத்த மூட்டையைக் கொடு என்பார்கள். இருக்கிற மதகைக் காப்பாற்றுவதே முதல் வேலை என்று அன்றைக்கு உறைத்தது.

கணக்கையும் பாருங்கள். மேட்டூர் முழுக் கொள்ளளவு 93.47 டி.எம்.சி. (ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி). விநாடிக்கு 2 லட்சம் கன அடி வரத்து என்றால் ஒரே நாளில் 17 டி.எம்.சி.க்கு மேல். அடிமட்டம் வரை காலியாக இருந்தாலும் ஐந்தரை நாளில் நிரம்பிவிடும். வெள்ளத்தைத் தாங்க அணையில் இடம் காலியாக இருக்க வேண்டும்; குறுவைக்கும் சம்பாவுக்கும் அது நிறைந்திருக்க வேண்டும். அந்த ஜூலையில் அணை முழு மட்டமான 120 அடியைத் தொட்டதும் நாம்தானே மகிழ்ந்தோம்?

நீர்நாடி:
நான் அந்த வெள்ளத்தை அணைக்கரைப் பாலத்தில் பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்தேன், அவ்வளவுதான். ஆனால் சில விஷயங்களைச் சொல்லியாக வேண்டும். படுகையில் இருப்பவர்கள் பட்டா, ரேஷன் அட்டை, வங்கிப் புத்தகம் மூன்றையும் தடித்த பிளாஸ்டிக் பையில் கட்டி, தண்டோரா கேட்டதுமே கரைக்கு அனுப்பிவிடுங்கள். மூடியுள்ள கேனில் இரண்டு நாளுக்குக் குடிதண்ணீர் பிடித்துப் பரணில் ஏற்றுங்கள். மின்சார மீட்டரைத் தலைக்கு மேல் உயரத்தில் மாற்றச் சொல்லி இப்போதே மனுக் கொடுங்கள். வெள்ளம் வடிந்ததும் கைப்பம்புத் தண்ணீரைக் குளோரின் போடாமல் குடிக்காதீர்கள். கரையில் நாணல் வெட்டாதீர்கள், மண்ணைப் பிடித்து நிறுத்துவது அதுதான். கடைமடைக்காரர்கள் ஊர்க் குளத்தைத் தூர்வாரி வைத்தால் ஆற்றை மட்டும் நம்பி நிற்க வேண்டாம். கொள்ளிடம் நெடுக, ஆற்றின் குறுக்கே கதவுகள் வைத்துத் தண்ணீரைத் தேக்கும் கதவணைகள் கட்டிவிட்டால் வெள்ளமும் நிற்கும்.

கரைக்காவல்:
நிற்காது. கொள்ளிடத்தில் உள்ள ஆதனூர்–குமாரமங்கலம் கதவணையின் கொள்ளளவு 0.334 டி.எம்.சி. 2 லட்சம் கன அடிக்கு அது அரை மணி நேரம். கதவணை வெள்ளத்துக்கு அல்ல, வெள்ளம் வடிந்த பிறகு மிஞ்சும் தண்ணீருக்கு.

படுகைக்காரன்:
அதைத்தான் நான் கேட்கிறேன் ஐயா. வெள்ளம் எங்களுக்குப் பழக்கம், நான்கு நாளில் வடிந்துவிடும். கேனும் பரணும் அம்மாவுக்குத் தெரியும். பிடித்து வைக்க நல்ல தண்ணீர் வேண்டுமே. முகத்துவாரத்துக்கு மேலே கடலைத் தடுத்து, ஆற்றுத் தண்ணீர் நிலத்தில் இறங்கும்படி ஒரு கதவணை வந்தால் போதும். இதை எழுதும் முன் கைப்பம்பில் ஒரு கை அடித்து வாயில் வைத்துப் பார்த்தேன். உப்புக் கரிக்கிறது.