சின்னத்தில் இருக்கும் ஆண்டை நம்பாதீர்கள்: ஜெர்மன் சிற்றூர்க் கால்பந்துக் கழக வரலாறு தேடியவர்களின் பகிர்வு

கோல்கம்பம்:
சிற்றூர்க் கழகத்தின் வரலாறு எழுத உட்காருகிறவர்கள் முதலில் சறுக்குவது சின்னத்தில் பொறித்திருக்கும் ஆண்டில்தான். பல கழகங்களில் அது கால்பந்தின் ஆண்டே இல்லை. ஜெர்மன் ஊர்களில் முதலில் வந்தது டுர்ன்ஃபெரைன், அதாவது உடற்பயிற்சிச் சங்கம். பந்து பிறகுதான் வந்தது. 'மியூனிக் 1860' என்ற பெரிய கழகத்திலேயே கால்பந்துப் பிரிவு 1899இல்தான் தொடங்கியது. ஹோஃபன்ஹைம் என்ற கிராமக் கழகத்தின் சின்னத்தில் உள்ள 1899ம் உடற்பயிற்சிச் சங்கத்தின் ஆண்டு. அந்தக் கிராமத்தில் கால்பந்துச் சங்கம் 1920களின் தொடக்கத்தில் தனியாகப் பிறந்து, 1945இல்தான் பழைய சங்கத்தோடு சேர்ந்தது.

பெயரில் உள்ள எழுத்துகள் ஆண்டைவிட நம்பகமானவை. டி.எஸ்.வி. என்றால் உடற்பயிற்சியும் விளையாட்டும் ஒரே கூரையின் கீழ். எஃப்.வி., எஃப்.சி. என்றால் பந்துக்காகவே தொடங்கியது. டி.ஜே.கே. என்றால் கத்தோலிக்க வேர். அந்தக் கத்தோலிக்க விளையாட்டு அமைப்பு உருவானது 1920இல், நாஜிகள் தடை செய்தது 1935இல். ஷ்பீல்ஃபெரைனிகுங் என்று நீளமாக இருந்தால் ஏதோ இரண்டு சங்கங்கள் இணைந்திருக்கக்கூடும் என்று சந்தேகப்பட்டுத் தேடுங்கள்.

நடுக்கோடு:
1923, 1924ஐ விட்டுவிட்டீர்கள். உடற்பயிற்சிக்காரர்களின் தலைமை அமைப்பு அப்போது "எங்களோடு இரு, அல்லது பந்துச் சங்கத்தோடு போ" என்று கறாராகச் சொல்லிவிட்டது. அதனால் பல ஊர்களில் ஒரே சங்கம் இரண்டாக உடைந்தது. 1924இல் திடீரென்று ஒரு "புதிய" கால்பந்துக் கழகம் முளைத்திருந்தால் அதே ஆட்கள், அதே மைதானம், வேறு பெயர் என்று இருக்க வாய்ப்பு அதிகம். பழைய சங்கத்தின் மினிட்ஸ் புத்தகத்தில் அந்த மாதங்களில் விலகியவர்களின் பெயரையும் புதுக் கழகத்தின் முதல் நிர்வாகக் குழுவையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

கொடியாள்:
ஆவணம் என்று வந்தால் நீதிமன்றத்தில் உள்ள சங்கப் பதிவேடுதான் முதலில். சங்கம் தொடங்கிய நாளும் பதிவான நாளும் வேறு வேறு. இரண்டையும் குழப்பினால் கட்டுரை முழுக்கக் கோணிவிடும். 1900 ஜனவரி 1இல் நடைமுறைக்கு வந்த சிவில் சட்டப்படி பதிவுக்குக் குறைந்தது 7 உறுப்பினர்கள் வேண்டும். சின்னச் சங்கங்கள் பல ஆண்டுகள் பதிவில்லாமலே ஆடிக்கொண்டிருந்தன.

பதிவேட்டை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். 2022 ஆகஸ்டு முதல் இணையத்திலும் கட்டணம் இல்லை. ஆனால் அங்கே கிடைப்பது இப்போதைய நிர்வாகிகள் விவரமும் கணினிக்கு மாறிய பிறகான பதிவுகளும்தான். பழைய ஏடு வேண்டுமென்றால் பதிவு எண்ணோடு நீதிமன்றத்துக்கு எழுத வேண்டும். பக்கத்து ஊர் நீதிமன்றத்துக்கு எழுதி வீணாகக் காத்திருக்காதீர்கள். பாடன்-வூர்ட்டம்பர்க்கில் இந்தப் பதிவேடுகளை ஃப்ரைபர்க், மன்ஹைம், ஸ்டுட்கார்ட், உல்ம் ஆகிய நான்கு நீதிமன்றங்களுக்கு மாற்றிவிட்டார்கள்.

இடதுகோடி:
நூற்றாண்டு மலரை வைத்து மட்டும் எழுதுகிறவர்களுக்கு ஒன்று. 1933 முதல் 1945 வரைக்கான பக்கங்கள் அதில் அரைப் பத்தியாகத்தான் இருக்கும்: "கடினமான காலம், போர், பல தோழர்கள் திரும்பவில்லை." அந்த அரைப் பத்திக்குள் புதைந்திருப்பது நிறைய. தொழிலாளர் விளையாட்டுச் சங்கங்கள் 1933இல் தடை செய்யப்பட்டு, சொத்து பறிக்கப்பட்டது. யூத உறுப்பினர்கள் வெளியேற்றப்பட்டார்கள். கார்ல்ஸ்ரூவ எஃப்.வி.யின் யூலியுஸ் ஹிர்ஷ் தேசிய அணியில் ஆடியவர். 1933 ஏப்ரலில் தன் கழகத்திலிருந்து விலக நேர்ந்தது, 1943இல் அவுஷ்விட்ஸ் வதைமுகாமுக்கு அனுப்பப்பட்டார். தேசிய வீரருக்கே இந்தக் கதி. சிற்றூரில் தையல்கடைக்காரரோ மாட்டு வியாபாரியோ உறுப்பினராக இருந்திருந்தால் அவர் பெயர் 1932 உறுப்பினர் பட்டியலில் மட்டும் இருக்கும், 1934இல் இருக்காது. இரண்டு பட்டியலையும் ஒப்பிடாமல் எழுதவே எழுதாதீர்கள்.

இன்று ஒரே கழகம் உள்ள ஊரில் 1932இல் மூன்று இருந்திருக்கலாம். தொழிலாளர் அணிகளின் ஆட்ட முடிவுகளைப் பொதுவான உள்ளூர் நாளிதழில் தேடிக் காணவில்லை என்பார்கள். அவை சமூக ஜனநாயகக் கட்சி சார்ந்த இதழ்களில் இருக்கும். ஆட்டம் ஞாயிற்றுக்கிழமை, ஆகவே திங்கள், செவ்வாய் இதழ்களைப் புரட்டினால் போதும்.

கொடியாள்:
1945க்கும் ஒரு வரி. அந்த டிசம்பர் 17ஆம் தேதி நேச நாடுகளின் உத்தரவு எண் 23 பழைய விளையாட்டு அமைப்புகளைக் கலைத்தது. உள்ளூர் அளவில் புதிதாகத் தொடங்க மட்டும் அனுமதி. 1946இல் "நிறுவப்பட்டது" என்று இருந்தால் அது பெரும்பாலும் மறுபிறப்பு.

பெஞ்ச்:
கிழக்கு ஜெர்மனி ஊர் என்றால் மேலே சொன்னதோடு இன்னொரு அடுக்கு. அங்கே கழகம் ஒரு தொழிற்சாலைக்கோ அரசுத் துறைக்கோ ஒட்டியது, பெயரே அதைக் காட்டிக்கொடுத்துவிடும். டிராக்டர் என்றால் வேளாண்மை, லோகோமோடிவ் ரயில்வே, ஆக்டிவிஸ்ட் சுரங்கம், ஐன்ஹைட் அரசு அலுவலகம், ஃபோர்ட்ஷ்ரிட் நெசவும் தோலும். பொறுப்பேற்ற நிறுவனம் மாறினால் அணியின் பெயரும் மாறும். 1990க்குப் பிறகு பலர் போருக்கு முந்தைய பெயருக்கே திரும்பிவிட்டதால் நடுவே 40 ஆண்டு ஆட்ட முடிவுகள் வேறு பெயரில் கிடக்கின்றன.

நடுக்கோடு:
அதிகம் பிழை வருவது லீக் படிநிலையில். வட பாடனை எடுங்கள். 1963இல் நாட்டின் முதல் படி லீகான புண்டஸ்லிகா வந்தபோது அங்கே அமெச்சூர்லிகா மூன்றாம் படி. 1978இல் ஓபர்லிகா நடுவில் நுழைந்ததும் அதே இடம் ஃபெர்பான்ட்ஸ்லிகா என்ற பெயரில் நான்காம் படி ஆனது. 1994இல் ரெகியோனல்லிகா வந்து ஐந்து, 2008இல் மூன்றாம் லிகா வந்து ஆறு. நகராமல் அங்கேயே நின்ற அணிகூடக் காகிதத்தில் மூன்று படி இறங்கியிருக்கும்! "சரிவு" என்று எழுதும் முன் யார் இறங்கியது, அணியா, ஏணியா என்று பாருங்கள்.

எப்பிங்கன் நல்ல உதாரணம். வி.எஃப்.பி. எப்பிங்கன் 1974 அக்டோபர் 26இல் ஜெர்மன் கோப்பையின் இரண்டாம் சுற்றில் புண்டஸ்லிகா அணியான ஹாம்புர்கை 2-1 என்று வீழ்த்தியபோது அது மூன்றாம் படி அமெச்சூர் அணி. 1980-81இல் இரண்டாம் புண்டஸ்லிகாவின் தென் பிரிவில் ஒரே ஒரு பருவம் ஆடியது. 1974 வெற்றியை அந்த லீகின் இன்றைய படியை வைத்து "ஆறாம் டிவிஷன் அணி" சாதித்தது என்று எழுதினால் அது தவறு.

பழைய அட்டவணையில் 38:22 என்று புள்ளி இருந்தால் அதைக் கோல் கணக்கு என்று நினைக்க வேண்டாம். வெற்றிக்கு 2 புள்ளி இருந்த காலத்தில் பெற்றதையும் இழந்ததையும் சேர்த்தே எழுதுவார்கள். இரண்டையும் கூட்டி 2ஆல் வகுத்தால் ஆடிய ஆட்டங்கள், இங்கே 30. கூட்டுத்தொகை ஒற்றைப்படையில் வந்தால் அச்சுப் பிழை, அல்லது அந்த அணிக்குப் புள்ளி வெட்டு. 1995-96 முதல்தான் 3 புள்ளி.

கோல்கம்பம்:
பெண்கள் அணி பற்றி யாரும் சொல்லவில்லை. 1955 ஜூலை 30 முதல் 1970 அக்டோபர் 31 வரை ஜெர்மன் கால்பந்துச் சங்கம் தன் கழகங்களில் பெண்கள் ஆடுவதைத் தடுத்தது. "1971இல் மகளிர் அணி தொடக்கம்" என்று மலரில் இருந்தால் அது அனுமதி கிடைத்த காலத்தைத்தான் காட்டுகிறது. அதற்கு முன் ஆடவில்லை என்பதற்குச் சான்று ஆகாது.

இடதுகோடி:
1941க்கு முந்தைய மினிட்ஸ் புத்தகம் பெரும்பாலும் பழைய குர்ரென்ட் கையெழுத்தில் இருக்கும். அதில் 'e'யும் 'n'உம் கிட்டத்தட்ட ஒரே வளைவு. நீண்ட 's', 'f' மாதிரித் தெரியும். இப்படி ஒரு வீரர் இரண்டு பெயரில் இரண்டு பேராகிவிடுவார். ஐயம் வந்தால் அதே செயலர் எழுதிய மாத, கிழமைப் பெயர்களைப் பிரதி எடுத்து, அவருடைய எழுத்துகளுக்கு ஒரு அட்டவணை போட்டுக்கொள்ளுங்கள். செயலர் மாறும்போது அட்டவணையும் புதிது.