மைக்ரோபிளேடிங் கற்கத் தொடங்குபவர் எதை முதலில் பயில வேண்டும்?

கயல் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். த்ரெடிங், ஃபேஷியல், மணப்பெண் ஒப்பனை ஆகியவற்றைச் சில ஆண்டுகளாகச் செய்து வருகிறேன். தோலில் ஊசி படும் வேலை எதையும் இதுவரை தொட்டதில்லை. புருவம் மெலிந்துபோன வாடிக்கையாளர்கள் பலர் மைக்ரோபிளேடிங் (நுண் ஊசிகள் கொண்ட பிளேடால் தோலில் மெல்லக் கீறி, முடி போன்ற கோடுகளாக நிறமி இடுவது) செய்து தர முடியுமா என்று கேட்பதால், அதை முறையாகக் கற்க விரும்புகிறேன். நான் விசாரித்த பயிற்சிகளில் பெரும்பாலானவை இரண்டு மூன்று நாட்களில் முடிந்து, சான்றிதழையும் ஒரு கருவிப் பெட்டியையும் கையில் கொடுத்துவிடுகின்றன. புருவ வடிவம் எடுப்பதில் எனக்கு இருக்கும் பழக்கம் இதற்குப் போதுமா? பயிற்சிக்கான செயற்கை லேடெக்ஸ் தோலில் எவ்வளவு காலம் பயின்ற பிறகு மனிதத் தோலில் வேலை செய்யலாம்? பயிற்சியாளரிடம் எவற்றையெல்லாம் கேட்டுத் தெளிவுபெற வேண்டும்?

மைத்துளி எழுதியது:

வணக்கம் கயல். த்ரெடிங்கில் தேர்ந்த கண் உங்களுக்கு நிச்சயம் உதவும். ஆனால் அது இந்த வேலையில் பாதிகூட இல்லை. மைக்ரோபிளேடிங்கில் வரைவதைவிடக் கடினமானது ஆழம். முகத்தின் மேல்தோல் ஏறத்தாழ 0.1 மில்லிமீட்டர் தடிமன்தான் இருக்கும். நிறமி அதற்குச் சற்றே கீழே, உள்தோலின் மேற்பகுதியில் போய்த் தங்க வேண்டும். மேல்தோலிலேயே நின்றுவிட்டால், அது சுமார் நான்கு வாரங்களில் தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும்போது நிறமியும் சேர்ந்து உதிர்ந்துவிடும். அளவுக்கு மீறி இறங்கினாலோ, கசியும் இரத்தம் நிறமியின் ஒரு பகுதியை வெளியே தள்ளிவிடும். உள்ளே தங்கிய நிறமியும் ஆழத்தில் கிடப்பதால் சாம்பல் அல்லது நீலச் சாயலில் தெரியும். கோடுகள் பரவும், சிலருக்குத் தழும்பும் விழும். இவ்விரண்டுக்கும் நடுவில் உள்ள மெல்லிய அடுக்கைக் கை உணரப் பழகுவதுதான் உண்மையான பயிற்சி.

லேடெக்ஸ் இதைக் கற்றுத் தராது. அதற்கு இரத்தம் கசியாது, எண்ணெய் சுரக்காது, புண் ஆறாது. அதில் கற்க வேண்டியவை வேறு: முடி வளரும் திசைக்கேற்பக் கோடுகளை அமைப்பது, கோடுகளுக்கிடையே சீரான இடைவெளி விடுவது, பிளேடைச் சாய்க்காமல் நேராகப் பிடிப்பது, தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே அழுத்தத்தில் செல்வது. பென்சிலால் வரையும்போது தொடக்கத்தில் அழுத்தி முடிவில் தளர்த்துவது நம் எல்லோருக்கும் பழக்கம். அதே பழக்கம் பிளேடுக்கு வந்தால், கோட்டின் தலைப்பகுதி ஆழமாகவும் நுனி வெறும் கீறலாகவும் ஆகிவிடும். இன்னொரு பக்கம், தோலை இறுக்கமாக இழுத்துப் பிடிக்கும் இடது கையைப் பற்றிப் பல பயிற்சிகளில் ஒரு வார்த்தைகூடச் சொல்வதில்லை. தோல் தளர்ந்திருந்தால் எவ்வளவு தேர்ந்த கையும் ஒழுங்கான கோட்டைப் போட முடியாது.

எவ்வளவு காலம் என்பதற்கு நாட்கணக்கு கிடையாது. தட்டையான தாளில் அல்லாமல் முக வளைவு கொண்ட லேடெக்ஸில், இடமும் வலமும் ஒன்றுக்கொன்று பொருந்தும்படி, திருத்தாமல் ஒரே மூச்சில் முழுப் புருவத்தையும் உங்களால் போட முடிகிறதா என்று பாருங்கள். அதுவும் தொடர்ந்து முடிகிறதென்றால், பயிற்சியாளர் அருகில் நிற்க மனிதத் தோலுக்குச் செல்லலாம்.

பயிற்சியாளரிடம் கேட்க வேண்டியதில் முதன்மையானது, ஆறிய புருவங்களின் படங்கள். வேலை முடிந்த நிமிடத்தில் எடுத்த படத்தில் எல்லாப் புருவமும் அழகாகத்தான் இருக்கும். அதே ஆளின் புருவம் ஆறு வாரம் கழித்தும், ஓராண்டு கழித்தும் எப்படி இருக்கிறது என்று காட்டச் சொல்லுங்கள். தயங்குபவரிடம் பணம் கட்ட வேண்டாம்.

நுண்கோடு எழுதியது:

மைத்துளி சொன்ன அனைத்தும் சரி. ஆனால் மைக்ரோபிளேடிங்கை மட்டும் கற்றுக்கொண்டு வருபவர், வருகிற எல்லோருக்கும் அதையே செய்யத் தொடங்கிவிடுகிறார் என்பது என் நெடுநாள் வருத்தம். எண்ணெய்ப் பசையும் பெரிய துளைகளும் உள்ள தோலில் முடிக்கோடுகள் கூர்மையாக நிற்பதில்லை. சில மாதங்களில் ஒன்றோடொன்று கலந்து மங்கலான பட்டையாகிவிடும். அத்தகையவர்களுக்கு, இயந்திரத்தால் சிறு புள்ளிகளாக நிறமி இடும் பவுடர் புருவ முறையே பொருத்தம். வயதாகி மெலிந்த தோலோ எளிதில் கிழிபடும். ஆகவே இரண்டு முறைகளையும் கற்றுத் தரும் இடத்தையே நாடுங்கள் என்பேன்.

அளவெடுப்பது குறித்தும் ஒன்று. மூக்கின் ஓரம், கருவிழி, கண்ணின் வெளிமூலை ஆகியவற்றை வைத்து வடிவத்தைக் குறிக்கும் முறை நல்ல வழிகாட்டிதான்; ஆனால் கருவி காட்டும் எண்ணையே வேதமாகக் கொள்ள வேண்டாம். பலருக்கு ஒரு புருவத்தின் தசை மற்றதைவிட வலுவாக இயங்கும். வாடிக்கையாளரைப் படுக்க வைத்துக் குறித்த வடிவம் அவர் எழுந்து உட்கார்ந்ததும் மாறித் தெரியும் என்பதால், இறுதிக் குறியை அமர்ந்த நிலையில், முகத்தைத் தளர்த்தியிருக்கும்போது சரிபார்த்து, கண்ணாடியில் காட்டி ஒப்புதல் பெற்ற பிறகே பிளேடைக் கையில் எடுங்கள்.

நிறமியின் பெயரில் உள்ள 'பழுப்பு' ஒரே பொருள் அல்ல, பல நிறங்களின் கலவை. அவை வெவ்வேறு வேகத்தில் மங்குவதால்தான் சிலரின் புருவம் காலப்போக்கில் செம்மையாகவும் சிலருடையது சாம்பலாகவும் மாறுகிறது. வேறொருவர் செய்த பழைய வேலையின் மேல் புதிதாகப் போட்டுத் தரும்படி கேட்டு வருபவர்களைத் தொடக்கக் காலத்தில் ஏற்காதீர்கள். லேசரில் அழித்துவிடலாம் என்றும் எளிதாகச் சொல்லிவிடாதீர்கள். இரும்பு ஆக்சைடோ டைட்டானியம் டை ஆக்சைடோ கலந்த நிறமி லேசர் பட்டதும் கறுத்துப்போவது உண்டு.

வெண்கையுறை எழுதியது:

மேலே பேசியவற்றைவிட முந்தியது ஒன்று இருக்கிறது. இது இரத்தம் படும் வேலை. ஹெபடைடிஸ் பி கிருமி உடலுக்கு வெளியே, காய்ந்த பரப்பில்கூடக் குறைந்தது 7 நாட்கள் தொற்றும் திறனோடு இருக்கக்கூடியது. பிளேடு ஒருவருக்கு ஒருமுறைதான். பயன்படுத்தியதும் ஊசி துளைக்காத கெட்டியான கழிவுப் பெட்டியில் போட வேண்டும். திரும்பப் பயன்படுத்தும் கைப்பிடியாக இருந்தால் ஆட்டோகிளேவ் எனும் அழுத்த நீராவிக் கருவியில் கிருமி நீக்கம் செய்ய வேண்டும். அழகு நிலையங்களில் காணப்படும் புற ஊதா விளக்குப் பெட்டி அதற்கு ஈடாகாது. பயிற்சிக்குச் சேருமுன் நீங்களும் ஹெபடைடிஸ் பி தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள். பல இடங்களில் இந்த வேலை பச்சை குத்துதலுக்கான சட்டத்தின் கீழ் வருகிறது. பயிற்சிச் சான்றிதழ் உரிமம் ஆகாது என்பதால், உங்கள் பகுதிச் சுகாதாரத் துறையிடம் முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

மறுக்கவும் கற்க வேண்டும். கருவுற்றிருப்பவர், பாலூட்டும் தாய், கெலாய்டு எனும் தடித்து வளரும் தழும்பு வரும் உடல்வாகு உள்ளவர், புருவப் பகுதியில் எக்சிமா அல்லது சொரியாசிஸ் உள்ளவர், அண்மையில் முகப்பருவுக்கான ஐசோட்ரெடினாயின் மாத்திரை எடுத்தவர், கட்டுப்பாடற்ற நீரிழிவு உள்ளவர் ஆகியோருக்குச் செய்யக் கூடாது. இரத்தம் உறையாமைக்கான மருந்து எடுப்பவர் வந்தால் மருத்துவரிடம் அனுப்புங்கள். மருந்தை நிறுத்திவிட்டு வரச் சொல்லும் அதிகாரம் நமக்கு இல்லை. மரத்துப்போகும் களிம்பில் பெரும்பாலும் லிடோகெயின் இருக்கும். அதற்கும் நிறமிக்கும் ஒவ்வாமை உண்டா என்று முன்கூட்டியே சிறு இடத்தில் சோதித்துப் பாருங்கள்.

கயல் எழுதியது:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. இன்னும் இரண்டு ஐயங்கள். என் அக்காவும் சித்தியும் முதல் மாடலாக இருக்கச் சம்மதிக்கிறார்கள். வீட்டு மனிதர்களிடம் தொடங்கலாமா? மேலும், இரண்டாவது வாரத்தில் நிறமே காணாமல் போய்விட்டது என்று சிலர் பதறுவதாகக் கேள்விப்பட்டேன். அது இயல்புதானா?

மைத்துளி எழுதியது:

தொடங்கலாம், ஆனால் உறவு என்பதற்காக அல்ல, தோல் பொருந்துகிறது என்பதற்காக மட்டும். எண்ணெய்ப் பசை அதிகமில்லாத தோல், ஓரளவு இயற்கையான முடி, முன்பு பச்சை குத்திய தடம் எதுவும் இல்லாத புருவம் ஆகிய மூன்றும் அமைந்தவரையே முதலில் எடுங்கள். உங்கள் சித்திக்கு மெலிந்த தோல் என்றால் அன்புடன் மறுத்துவிடுங்கள்.

நிறம் மங்குவது இயல்புதான். முதல் சில நாட்கள் புருவம் எதிர்பார்த்ததைவிடக் கருமையாக இருக்கும். பிறகு பொருக்கு உதிரும். அந்தக் கட்டத்தில், மேலே புதிதாக உருவாகும் தோல் இன்னும் தெளியாததால் நிறம் மிக வெளிறித் தெரியும். நான்காவது வாரத்தை ஒட்டி மீண்டும் தெளிவடையும். இதைத் தாளில் எழுதி, வேலைக்கு முன்பே கையில் கொடுத்துவிட்டால் பாதி அழைப்புகள் வராது. பொருக்கைப் பிய்க்கக் கூடாது, ஆறும்வரை நீச்சலும் வெயிலும் கூடாது என்பதையும் அதிலேயே சேருங்கள். டச்சப்பை, அதாவது விடுபட்டதைச் சரிசெய்யும் இரண்டாம் அமர்வை, ஆறு முதல் எட்டு வாரத்திற்குப் பிறகே வையுங்கள். அப்போது கோடுகளைச் சேர்க்கலாம், எடுக்க முடியாது. எனவே முதல் அமர்வில் குறைவாகவே போடுங்கள். ஒரே வெளிச்சத்தில், ஒரே கோணத்தில் படம் எடுத்து வையுங்கள். முதல் நபரின் ஆறிய புருவத்தைப் பார்க்கும் முன் இரண்டாமவருக்குத் தேதி கொடுக்காதீர்கள்.