“எல்லாம் அவன் கொடுத்தது” என்றால் பையன் எதிர்க்கேள்வி கேட்கிறான்

கேள்வி – காயில்காரன், திருப்பாதிரிப்புலியூர்

மோட்டார் காயில் கட்டும் பட்டறை வைத்திருக்கிறேன். நெல்லிக்குப்பம், பண்ருட்டிப் பக்கமிருந்து புகைந்துபோன மோனோபிளாக் மோட்டார்களை, அதாவது பம்பும் மோட்டாரும் ஒன்றாக இருப்பவற்றை, கொண்டுவந்து போடுவார்கள். தண்ணீர் பாயாமல் கரும்பு காய்கிறது என்ற கவலை முகத்தில் தெரியும். மறுநாள் ஓட்டிக் காட்டினால், “உங்கள் கை ராசியான கை” என்பார்கள். உடனே நான் கோயில் இருக்கும் திசையில் கும்பிட்டு, “எல்லாம் பாடலீஸ்வரர் கொடுத்தது, என்னிடம் என்ன இருக்கிறது” என்பேன். ஒப்புக்குச் சொல்வதில்லை. மனதார நம்பித்தான் சொல்கிறேன்.

பட்டறையில் வேலை பழகும் பையன் போன வாரம் ஒரு கேள்வி கேட்டான். பழைய காயிலில் எத்தனை சுற்று என்று எண்ணிக் குறித்துக்கொண்டு, பள்ளங்களில் காகிதம் செருகி, புதுக் கம்பியை விரலால் நெருக்கி இறக்க வேண்டும். கொஞ்சம் முரட்டுத்தனமாகத் தள்ளினால் கம்பியின் மேல்பூச்சான எனாமல் கீறிவிடும். மின்சாரம் கொடுத்ததும் ஷார்ட். அவன் இறக்கும் கம்பியில் அடிக்கடி கீறல் விழுகிறது. “அண்ணே, உங்கள் கைக்குக் கொடுத்த சாமிக்கு என் கைமேல் என்ன கோபம்?” என்றான். குறும்பாகக் கேட்கவில்லை. கண் கலங்கியிருந்தது.

பெருமை நமக்கு வேண்டாம் என்றுதான் இத்தனை நாள் சொல்லிவந்தேன். அது இன்னொருவனுக்கு இப்படியா போய்ச் சேரும்? அவனுக்கு என்ன பதில் சொல்வது?

பதில் 1 – சபைத்தெரு, வடலூர்

ஐயா, வள்ளலாரைப் பாருங்கள். பள்ளிக்கூடம் போய்ப் படிக்காமலே தமக்கு எல்லாம் உணர்த்தப்பட்டது என்று பாடியவர் அவர். ஆனால் பாடல்களை அச்சிட முனைந்த அன்பருக்கு எழுதிய கடிதத்தில், தம்மை ‘இராமலிங்கசாமி’ என்று வழங்குவது தமக்குச் சம்மதமில்லை, அது ஆரவாரமாகத் தோன்றுகிறது என்று மறுத்துவிட்டார். திருவருட்பா நூலாக வந்தது 1867இல். அதே ஆண்டில்தான் இங்கே தருமச்சாலையைத் தொடங்கி அடுப்பு மூட்டினார். பசி என்று வந்தவர் யாராக இருந்தாலும் சோறு. அந்த அடுப்பு இன்றும் எரிகிறது. அருள் தமக்குக் கிடைத்தது என்று சொன்னவர், அதைத் தம்மோடு முடித்துக்கொள்ளவில்லை. பையனுக்கு உங்கள் வாயால் பதில் சொல்ல முடியாது ஐயா, கையால்தான் முடியும். அவன் விரலைப் பிடித்து இறக்கிக் காட்டுங்கள்.

பதில் 2 – கோயில் பாடகர் குழு, புதுச்சேரி

எங்கள் வேதமான பைபிளில் தாலந்து உவமை உண்டு. தாலந்து என்பது அந்தக் காலப் பணம். எசமான் ஒருவனுக்கு ஐந்து, ஒருவனுக்கு இரண்டு, ஒருவனுக்கு ஒன்று கொடுத்துவிட்டுப் போகிறார். திரும்பி வந்து கணக்குக் கேட்கும்போது, ஐந்தைப் பத்தாக்கியவனுக்கும் இரண்டை நான்காக்கியவனுக்கும் சொல்லும் பாராட்டு ஒன்றேதான், ஒரு சொல்கூடக் கூடக் குறைய இல்லை. ஒன்றை மண்ணில் புதைத்தவனுக்குத்தான் திட்டு. உங்கள் பையன் எதையும் புதைக்கவில்லையே.

பதில் 3 – ஓய்வுபெற்ற ஃபிட்டர், நெய்வேலி

எனக்குச் சாமி நம்பிக்கை குறைவு. அதனால் வேறு மாதிரி கேட்கிறேன். உங்களுக்குக் காயில் கட்டச் சொல்லிக்கொடுத்தவர் ஒருவர் இருப்பாரே? வாடிக்கையாளர் புகழும்போது அவர் பெயர் ஏன் வருவதில்லை? தெய்வம் கொடுத்தது என்றால் பையனுக்கு எட்டாத உயரம். என் வாத்தியார் தலையில் குட்டிக் குட்டிக் கற்றுக்கொடுத்தார் என்றால், நமக்கும் வரும் என்று அவன் நிமிர்ந்து உட்காருவான். பணிவு என்ற பெயரில் பட்ட பாட்டை மறைத்துவிட்டால், பக்கத்தில் நிற்பவனுக்குப் பிறவி மேதையாகத்தான் தெரிவீர்கள்.

காயில்காரன், திருப்பாதிரிப்புலியூர்

நெய்வேலி ஐயா, சுருக்கென்று இருந்தது. என் வாத்தியார் விழுப்புரத்துக்காரர். யாரும் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை, அவ்வளவுதான். ஆனால் ஒன்று: அந்த வாத்தியாரிடம் என்னைக் கொண்டுபோய்ச் சேர்த்தது யார் என்று கேட்டால் நான் மறுபடியும் கோயில் பக்கம்தான் கும்பிடுவேன். அதில் மாற்றமில்லை. இனி இரண்டையும் சேர்த்துச் சொல்கிறேன்.

அரை எச்.பி. மோட்டார் ஒன்று வந்திருக்கிறது, அவசரமில்லாத வேலை. அதை அவனிடமே விட்டுவிடப்போகிறேன். கம்பி இறக்கும்போது பக்கத்தில் உட்காருவேன். வார்னிஷ் ஊற்றும் வரை அவசரப்படுத்த மாட்டேன். தாலந்துக் கதையையும் சொல்கிறேன். தருமச்சாலை பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை, அவன் குறிஞ்சிப்பாடிக்காரன். தைப்பூசம் என்றால் லீவு கேட்காமலே கிளம்பிவிடுவான்.