திரையில் தட்டினால் "டிக்" என்கிறது, கிளவ் பாக்ஸ் திறக்கவில்லை. வியாழக்கிழமைக்குள் உதவி வேண்டும்

வெள்ளவத்தைக்காரன் (திங்கள், இரவு 9.10)

வணக்கம். என்னுடையது எலக்ட்ரிக் கார். 2025 பெப்ரவரியில் இலங்கையில் வாகன இறக்குமதி மறுபடி திறந்த பிறகு வந்தது. பிராண்ட் பெயர் வேண்டாம், டெஸ்லா இல்லை என்று மட்டும் சொல்கிறேன். முன் பயணி சீட்டுக்கு எதிரே டாஷ்போர்டில் இருக்கும் கிளவ் பாக்ஸுக்குக் கைப்பிடியே கிடையாது. நடுத்திரையில் ஒரு படத்தைத் தட்டினால் மூடி மெதுவாகத் திறந்து இறங்கும். வாங்கும் நாளில் அதைக் காட்டித்தான் என்னை மயக்கினார்கள்.

நேற்று இரவு முதல் திறக்க மறுக்கிறது. உள்ளே இன்சூரன்ஸ் அட்டையும் அம்மாவின் கிளினிக் கொப்பியும் மாட்டிக்கொண்டுள்ளன. அட்டை பரவாயில்லை, பொலிஸ் மறித்தால் ஏதாவது சொல்லிச் சமாளிக்கலாம். கொப்பி இல்லாமல் வியாழன் காலை கிளினிக்குக்குப் போக ஏலாது. மூன்று வருட மருந்து விவரம் அதில்தான் இருக்கிறது.

திரையை இரண்டு தரம் ரீஸ்டார்ட் செய்தேன். காரைப் பூட்டித் திறந்தேன். மகன் ஆங்கிலத்தில் குரல் கட்டளை கொடுத்தான், அம்மா தமிழில் திட்டினார். காருக்கு இரண்டும் கேட்கவில்லை. கொம்பனிக்கு அழைத்தால் அடுத்த செவ்வாய் கொண்டுவரச் சொல்கிறார்கள்.

கொட்டாஞ்சேனைத் தம்பி

அண்ணா, ஒரு தட்டையான ஸ்குரூ டிரைவரை மேல் இடுக்கில் விட்டு நெம்புங்கள். என் பழைய வேனில் அப்படித்தான் திறப்பேன்.

பஞ்சிகாவத்தை அண்ணர்

தம்பி, வேனுக்குச் சொல்வதை இதற்குச் சொல்லாதே. கொக்கி மாட்டியிருக்கும்போது நெம்பினால் முதலில் உடைவது மூடியின் விளிம்புதான். ஒரு மூடிக்காக மூன்று மாதம் காத்திருந்தவர்களை எனக்குத் தெரியும். அதற்கு மேல், பயணி பக்க எயார்பேக் அந்த டாஷ்போர்டுக்குள்தான் இருக்கிறது. சில கார்களில் முழங்காலுக்கான எயார்பேக்கும் கீழே உண்டு. மஞ்சள் நிறக் கனெக்டர் கண்ணில் பட்டால் அது எயார்பேக் வயர், கையை எடுத்துவிட வேண்டும்.

வெள்ளவத்தைக்காரன், முதலில் மூன்று விஷயம் சொல்லுங்கள். தட்டும்போது சத்தம் வருவது மூடிக்குப் பின்னாலிருந்தா, திரையிலிருந்தா? 12 வோல்ட் பற்றரி எப்படி இருக்கிறது? கடைசியாகக் காரை வேறு யாராவது ஓட்டினார்களா?

தெஹிவளை அக்கா

மூன்றாவது கேள்வி முக்கியம். டெஸ்லாவில் வேலே மோட் என்று ஒன்று இருக்கிறது, காரை நிறுத்திவைக்க வேறொருவரிடம் கொடுக்கும்போது போடுவது. அதைப் போட்டால் கிளவ் பாக்ஸும் முன்பக்கப் பெட்டியும் பூட்டிக்கொள்ளும். கிளவ் பாக்ஸுக்குத் தனியாக 4 இலக்க இரகசிய எண்ணும் (PIN) வைக்கலாம். வேறு கார்களிலும் இப்படி ஏதாவது இருக்கலாம். ஹோட்டல் கல்யாணம் எதற்காவது போய்ச் சாவியைக் கொடுத்தீர்களா?

வெள்ளவத்தைக்காரன் (செவ்வாய், காலை 7.40)

அக்கா, சாவி யாருக்கும் கொடுக்கவில்லை. செட்டிங்ஸ் முழுக்கத் தேடினேன், பூட்டு எதுவும் போட்டிருக்கவில்லை.

அண்ணர், மூடியில் காதை வைத்துக் கேட்டேன். சத்தம் உள்ளேயிருந்துதான் வருகிறது. மூடி ஒரு மயிரிழை அசைகிறது, பிறகு நின்றுவிடுகிறது. பக்கத்துக் கடையில் வோல்ட் மீற்றர் வாங்கிப் பற்றரியை அளந்தேன், கார் ஓய்வில் 12.5 காட்டியது. எலக்ட்ரிக் காரில் பெரிய பற்றரி இருக்கும்போது இந்தச் சின்னப் பற்றரி எதற்கென்று இன்னும் விளங்கவில்லை.

பஞ்சிகாவத்தை அண்ணர்

கதவுப் பூட்டு, திரை, விளக்கு, கிளவ் பாக்ஸ் மோட்டர் எல்லாம் 12 வோல்ட்டில்தான் ஓடுகின்றன. பெரிய பற்றரி சில்லுகளை ஓட்டவும் ஏசிக்கும். பெற்றோல் காரில் எஞ்சினோடு சுற்றிப் பற்றரியைச் சார்ஜ் பண்ணும் ஓல்ட்டனேட்டர் இதில் இல்லாததால் டிசி கன்வேட்டர் ஒன்று பெரியதிலிருந்து எடுத்துச் சின்னதைச் சார்ஜ் பண்ணும். உங்களுடையது ஈய அமில வகை என்றால் ஓய்வில் 12.5 நல்லதுதான். லித்தியம் வகைக்கு இந்தக் கணக்குப் பொருந்தாது. எப்படியோ, டிக் என்று மோட்டர் இழுக்கிறது, மூடியும் அசைகிறது. எனவே பியூஸ் போகவில்லை, கட்டளையும் போய்ச் சேருகிறது. இனி சொப்ட்வேரை விட்டுவிடுங்கள். கொக்கியை ஏதோ பிடித்து வைத்திருக்கிறது.

இந்த மோட்டர்கள் சின்னவை. கொக்கி சும்மா இருந்தால் இழுத்துவிடும். உள்ளேயிருந்து ஒரு பாரம் மூடியை வெளியே தள்ளிக்கொண்டிருந்தால் கொக்கி இறுகிப்போகும், மோட்டரால் விடுவிக்க முடியாது. அதனால் கேட்கிறேன், உள்ளே என்னென்ன வைத்திருக்கிறீர்கள்? கொப்பியும் அட்டையும் மட்டும்தானா?

வெள்ளவத்தைக்காரன்

அது... ஞாயிறு யாழ்ப்பாணத்திலிருந்து வந்தோம். வவுனியாவில் அம்மா கையில் இருந்த பருத்தித்துறை வடைப் பைக்கற் இரண்டை அதற்குள் வைத்தேன். பின் சீட்டில் வைத்தால் கொழும்புக்கு வரும்போது பிள்ளைகள் வெறும் பையைத்தான் கொடுப்பார்கள். மூடும்போது கொஞ்சம் அழுத்தித்தான் மூடினேன்.

தெஹிவளை அக்கா

இதை முதல் பதிவிலேயே சொல்லியிருந்தால் நாங்கள் வேலே மோட் பற்றிக் கதைத்திருக்கவே மாட்டோம்.

பஞ்சிகாவத்தை அண்ணர்

சரி, இனி இப்படிச் செய்யுங்கள். இரண்டு பேர் வேண்டும். ஒருவர் திரையில் தட்ட வேண்டும். மற்றவர் மூடியின் மேல் நடுவில், கொக்கி இருக்கும் இடத்தில், உள்ளங்கையை வைத்துக் காரின் முன்பக்கம் நோக்கி அழுத்த வேண்டும். குத்த வேண்டாம், அழுத்தினால் போதும். அழுத்தம் கொடுத்தபடியே தட்டி, டிக் கேட்டவுடன் கையை எடுங்கள். ஐந்தாறு தரம் செய்யலாம், ஒவ்வொரு தரத்துக்கும் இடையில் ஒரு நிமிடம் விடுங்கள், மோட்டர் சூடாகக் கூடாது. நடுவில் வராவிட்டால் மூலைகளில் அழுத்திப் பாருங்கள். வெயிலில் நின்ற காரில் செய்யாமல், காலை குளிரில் அல்லது ஏசி கால்மணி நேரம் ஓடிய பிறகு செய்யுங்கள். சூட்டில் பிளாஸ்டிக் விரிந்தால் இறுக்கம் கூடும்.

அதற்கும் வராவிட்டால், இடது கதவைத் திறந்தால் டாஷ்போர்டின் பக்கவாட்டில் ஒரு மூடித் தகடு தெரியும். பல கார்களில் அது கழன்று வரும், அதன் வழியே டோர்ச் அடித்துப் பார்க்கலாம். வீடியோ பார்த்துச் செய்வதாக இருந்தால் கவனம், அமெரிக்க வீடியோவில் எல்லாம் வலதும் இடதும் மாறி இருக்கும்.

கொட்டாஞ்சேனைத் தம்பி

ஸ்குரூ டிரைவரை வாபஸ் வாங்குகிறேன். ஆனால் வடையைக் காப்பாற்றச் செய்த வேலைதான் இவ்வளவும் என்பதைப் பதிவில் வைக்க விரும்புகிறேன்.

வெள்ளவத்தைக்காரன் (புதன், காலை 6.55)

திறந்துவிட்டது! மெரின் டிரைவில் காற்றுக் குளிராக இருந்தபோது மகன் தட்ட நான் அழுத்தினேன். நடுவில் மூன்று தரமும் வரவில்லை. வலது மேல் மூலையில் அழுத்தினேன், இரண்டாம் தரத்தில் பொத்தென்று விழுந்தது.

உள்ளே பார்த்தால் வடை மட்டும் குற்றவாளி இல்லை. கிளினிக் கொப்பிக்குப் போட்ட பிளாஸ்டிக் உறையின் மூலை கொக்கிக்குள் மடிந்து நுழைந்திருந்தது. பின்னாலிருந்து வடைப் பைக்கற் அதைத் தள்ளிக்கொண்டிருந்திருக்கிறது. உறை கிழிந்தது, கொப்பிக்கு ஒன்றும் ஆகவில்லை. இப்போது வெறுமையாக வைத்துப் பத்துத் தரம் திறந்து மூடினேன், எட்டில் சரி, இரண்டில் கொஞ்சம் தயங்குகிறது.

பஞ்சிகாவத்தை அண்ணர்

அந்தத் தயக்கத்தை விடாதீர்கள். கொக்கி விழும் கம்பி கொஞ்சம் வளைந்திருக்கலாம். செவ்வாய்க்கிழமைக்குக் கொம்பனியில் எடுத்த நேரத்தை ரத்து செய்ய வேண்டாம், அதைக் காட்டுங்கள். உத்தரவாதம் இருக்கும் காரில் நீங்களே கம்பியை நிமிர்த்த வேண்டாம். அதுவரை கொப்பியையும் அட்டையையும் கதவுப் பையில் வைத்திருங்கள்.

வெள்ளவத்தைக்காரன்

அப்படியே செய்கிறேன் அண்ணர், மிக்க நன்றி. அக்காவுக்கும் தம்பிக்கும் நன்றி.

தெஹிவளை அக்கா

அது சரி, வடை?

வெள்ளவத்தைக்காரன்

ஒரு பைக்கற் தூளாகிவிட்டது. மற்றது இன்னும் மொறுமொறுவென்றுதான் இருந்தது. இப்போது அதுவும் இல்லை.