பின்னால ‘டொக் டொக்’ சத்தம்: ஷாக்கா, ஸ்பிரிங்கா, ஆக்சில் புஷ்ஷா?

ஓசூர்ரோடு_ஹேட்ச்:
பெங்களூரு. பெட்ரோல் ஹேட்ச்பேக், பின்னால டார்ஷன் பீம் (ரெண்டு பின் சக்கரத்தையும் இணைக்கிற ஒரே குறுக்குத் தண்டு), 72,000 கி.மீ. சின்னக் குழியில வலது பின்பக்கம் ‘டொக் டொக்’. ஹம்ப்ல இறங்கினா சத்தம் இல்ல, ஆனா மூணு தடவ ஆடித்தான் நிக்குது. அந்தப் பக்க டயரைத் தடவினா மேடும் பள்ளமுமா இருக்கு. ரெண்டு ஷாக் (ஆட்டத்தை அடக்கற ஷாக் அப்சார்பர்), ரெண்டு ஸ்பிரிங், ஆக்சில் புஷ் (பீமைப் பாடியோட சேர்க்கிற இடத்து ரப்பர்) எல்லாம் மாத்தணும்னு ஒர்க்‌ஷாப்ல சொல்றாங்க. எல்லாமே தேவையா? பார்ட்ஸ் கடைங்க இருக்கிற ஜே.சி. ரோட்டுல நானே வாங்கிக் கொடுக்கலாமா?

அடிவண்டி:
ஆட்டமும் டயர் மேடுபள்ளமும் சேர்ந்து வந்தா முதல் சந்தேகம் ஷாக் மேலதான். மேல்பக்கம் லேசா ஈரம், அதுல தூசி ஒட்டியிருந்தா பயப்பட வேண்டாம். எண்ணெய் கீழ் போல்ட் வரைக்கும் வழிஞ்சிருந்தா போச்சு. கசியாத ஷாக்கும் உள்ளே வால்வு தேய்ஞ்சு செத்திருக்கும், அதனால காய்ஞ்சிருக்கேன்னு விட்டுடாதீங்க.

சின்னக் குழியில மட்டும் ‘டொக்’னா ஷாக்கோட மேல் மவுன்ட் (மேல் முனையைப் பாடியோட பிடிக்கிற இடம்) ரப்பரைப் பாருங்க. பல ஹேட்ச்பேக்ல டிக்கி ட்ரிம்மைக் கழட்டினாலே மேல் நட் தெரியும். அதுல விரலை வச்சுக்கிட்டு, இன்னொருத்தரைப் பின் பம்பர் பக்கம் அமுக்கி விடச் சொல்லுங்க. தட்டுறது விரலுக்குத் தெரியும்.

ஸ்பிரிங் உடையறது பெரும்பாலும் அடிச் சுத்துல. சேறு தங்கி, பெயின்ட் உரிஞ்சு, துரு ஏறி, அங்கேதான் விரிசல் விடும். சமதரையில சக்கர மையத்துல இருந்து ஃபெண்டர் விளிம்பு வரைக்கும் ரெண்டு பக்கமும் அளந்து பாருங்க. அளவு ஒண்ணா இருந்து விரிசலும் இல்லேன்னா ஸ்பிரிங்குக்குக் காசு அழ வேண்டாம். ஷாக்கை மட்டும் ஜோடியா மாத்துங்க, கூடவே பம்ப் ஸ்டாப் (ஷாக் முழுசா அமுங்கும்போது தாங்கற ரப்பர்), டஸ்ட் கவர், மேல் மவுன்ட் புதுசு.

பீம்_புஷ்:
ஆக்சில் புஷ் போனா அடையாளம் வேற: லேன் மாறும்போது பின்பக்கம் தனியா ஒரு நெளி நெளியும், பிரேக் அடிச்சா ஒரே ஒரு ‘கடக்’. கம்பியால நெம்பிப் பாருங்க. ரப்பர் மேல முடி மாதிரி வெடிப்பு இருந்தா ஓடும். உலோகக் குழாயை விட்டுப் பிரிஞ்சிருந்தா மாத்தியே ஆகணும். சில புஷ்ல டிசைனிலேயே காலி இடம் விட்டிருப்பாங்க, அதைக் காட்டி ‘கிழிஞ்சு போச்சு’ன்னு சொல்றதும் நடக்கும். அந்த மாதிரி புஷ்ஷை எந்தத் திசையில வைக்கணும்னும் ஒரு குறி இருக்கும், பார்த்து அழுத்தணும். கிரீஸ் பூசாதீங்க, ரப்பர் ஊதிடும்; சோப்புத் தண்ணி போதும்.

புது புஷ் சீக்கிரம் கிழியறதுக்கு முக்கியக் காரணம் போல்ட்டை இறுக்கற விதம். வண்டி லிஃப்ட்ல தொங்கும்போதே முழுசா இறுக்கினா, இறக்கினதும் ரப்பர் முறுக்கிக்கிட்டே நிக்கும். எடை சக்கரத்துல உக்காந்த பிறகுதான் கடைசி டார்க் (குறிச்ச அளவுக்கு முழு இறுக்கம்). ஷாக் கீழ் போல்ட்டுக்கும் இதே கதை.

ஓசூர்ரோடு_ஹேட்ச்:
அளந்தேன், 4 மி.மீ. தான் வித்தியாசம். மேல் நட்டுல தட்டுது. புஷ்ல பிரிவு இல்ல. டயர் அலைன்மென்ட்ல சரியாயிடுமா?

அடிவண்டி:
அப்ப ஷாக்கும் மவுன்ட்டும்தான். 4 மி.மீ. பெருசில்ல. மேடுபள்ளமான டயர் அலைன்மென்ட்ல தேறாது, அது போடற ஊளைச் சத்தம் அப்படியேதான் இருக்கும். டார்ஷன் பீம்ல பொதுவா டோ (சக்கரம் உள்ளே வெளியே திரும்பியிருக்கிற அளவு), கேம்பர் (மேல் கீழா சாஞ்சிருக்கிற அளவு) திருகற இடமே கிடையாது. பின்பக்க ரீடிங் வரம்பு தாண்டியிருந்தா பீமோ ஸ்டப் ஆக்சிலோ (சக்கரம் மாட்டியிருக்கிற குட்டைத் தண்டு) வளைஞ்சிருக்கலாம். ‘அட்ஜஸ்ட் பண்ணியாச்சு’ன்னு சொன்னா எங்கேன்னு கேளுங்க.

ஜே.சி. ரோட்டுல பழைய ஷாக்கோட பார்ட் நம்பரைக் காட்டி வாங்குங்க, மாடல் பேரை மட்டும் சொல்லாதீங்க. மாட்டறதுக்கு முன்னாடி நிமிர்த்திப் பிடிச்சு நாலஞ்சு தடவ முழுசா அமுக்கி இழுக்கணும், படுக்க வச்ச ஷாக்குல காத்து கலந்திருக்கும். பீமுக்கு அடியில ஜாக்கி, பாடிக்கு ஸ்டாண்டு, ஒரு பக்கம் முடிச்சிட்டு அடுத்தது. ரெண்டையும் சேர்த்துக் கழட்டிப் பீமைத் தொங்க விட்டா பிரேக் ஹோஸும் ஏபிஎஸ் ஒயரும் இழுபடும்.