எருக்குவியலில் கருப்பு வண்டு: மருந்து அடிக்கலாமா, விடலாமா?

கூண்டுக்கோழி கேட்கிறார்:
கூண்டு முறை முட்டைக்கோழிக் கொட்டகை. கூண்டுக்கு அடியில் மூன்று மாத எரு கிடக்கிறது. கிளறினால் பளபளப்பான கருப்பு வண்டுகள், கடுகைவிடக் கொஞ்சம் பெரிது. தொட்டால் காலை உள்ளிழுத்துக்கொண்டு செத்த மாதிரி கிடக்கின்றன. ஈத் தொல்லையும் உண்டு. எருமேல் மருந்தடித்து இரண்டையும் ஒழிக்கலாமா? இல்லை, எருவை மொத்தமாக வழித்துவிடலாமா?

ஆறுகால்:
இரண்டுமே வேண்டாம். நீங்கள் சொல்வது பெரும்பாலும் கார்சினாப்ஸ் புமிலியோ, ஹிஸ்டர் குடும்பத்து வண்டு. ஈ முட்டையும் அப்போதுதான் பொரித்த புழுவும்தான் அதன் இரை. வளர்ந்த வண்டும் தின்னும், அதன் புழுவும் தின்னும்.

கைலென்ஸில் பாருங்கள். நீளம் 2–3 மி.மீ. முதுகு ஓடு பின்பக்கம் வெட்டிவிட்டதுபோல் நின்றுவிடும்; வயிற்றின் கடைசி இரண்டு வளையங்கள் வெளியே தெரியும். உணர்கொம்பு நடுவில் மடங்கி, நுனி தடித்திருக்கும்.

குழப்புவது ஆல்ஃபிடோபியஸ் வண்டு. அது சுமார் 6 மி.மீ., ஓடு வால்வரை மூடியிருக்கும், புழு மஞ்சள்பழுப்பாகக் கெட்டியாக இருக்கும். கூட்டுப்புழு ஆகும் சமயத்தில் கொட்டகையின் வெப்பத்தடுப்புப் பலகையைத் துளைத்து நாசமாக்கும். இரண்டும் ஒரே குவியலில் இருப்பது சகஜம், ஒன்றைப் பார்த்துவிட்டு முடிவுக்கு வராதீர்கள்.

எருக்குழி:
மருந்து ஏன் கூடாது என்பதற்குக் கணக்கு எளிது. வெயில் காலத்தில் ஈ முட்டையிலிருந்து ஈயாக 7–10 நாள் போதும். கார்சினாப்ஸ் ஒரு தலைமுறைக்கு ஐந்து வாரத்துக்கு மேல் எடுக்கும். எருமேல் அடித்தால் இரண்டும் சாகும், ஆனால் திரும்பி வருவது ஈ மட்டும்தான். ஈ முட்டை தின்னும் மேக்ரோகீலிஸ் உண்ணியும் கூடவே போய்விடும். வளர்ந்த ஈயை அடிக்கவேண்டுமானால் அது உட்காரும் சுவர், தூண், கம்பியில் மட்டும் அடியுங்கள், எருவில் சொட்டக்கூடாது. புழுவுக்கு மருந்து கட்டாயம் என்றால் தீவனத்தில் கலக்கும் சைரோமசின், டன் தீவனத்துக்கு வினைபடு மூலப்பொருள் (மருந்துச் சத்து மட்டும்) 5 கிராம். வண்டுக்கு அதனால் பெரிய சேதமில்லை. ஆனால் வருடம் முழுக்கக் கொடுத்தால் ஈ பழகிவிடும். நான்கைந்து வாரத்தில் நிறுத்துங்கள்.

உங்கள் கேள்வியில் இல்லாத விஷயம் ஈரம். புது எச்சத்தில் 75 சதவீதத்துக்கு மேல் தண்ணீர். அது 50க்குக் கீழே இறங்கினால் ஈப்புழுவுக்கு வாழ வழியில்லை, வண்டுக்கு வசதி. குவியல் கூம்பாக எழும்பினால் காய்கிறது என்று அர்த்தம்; தட்டையாகப் பரவினால் மேலே எங்கோ கோழி தண்ணீர் குடிக்கும் நிப்பிள் ஒழுகுகிறது. ஒழுகலை அடைத்து, அந்தச் சேற்றுப் பகுதியை மட்டும் வெட்டியெடுங்கள். மற்றதைக் கிளறவே வேண்டாம். கிளறினால் காய்ந்த மேல்பகுதி கலைந்து ஈரம் வெளியே வரும், ஈ முட்டையிடப் புது இடம் கிடைக்கும்.

ஆறுகால்:
வழிப்பது பற்றி: ஈ குறைவான குளிர்மாதத்தில் செய்யுங்கள். ஒரு வரிசை விட்டு ஒரு வரிசை, இடையில் குறைந்தது நான்கு வாரம். எடுக்கும் வரிசையிலும் காய்ந்த பழைய எரு 15–20 செ.மீ. அடியில் கிடக்கட்டும். புது எச்சம் அதன்மேல் விழுந்து சீக்கிரம் காயும், வண்டும் அங்கிருந்தே ஏறிவரும்.

கூண்டுக்கோழி:
வண்டு போதுமான அளவு இருக்கிறதா என்று எப்படி அறிவது? பக்கத்துப் பண்ணை எருவைக் கொண்டுவந்து கொட்டலாமா?

எருக்குழி:
கொட்டாதீர்கள். வண்டோடு ஆல்ஃபிடோபியஸும் நோய்க்கிருமியும் வரும். உங்கள் பண்ணையிலேயே வேறு கொட்டகை இருந்தால், அதுவும் நோயில்லாத கொட்டகை என்றால், சலித்துப் பிரித்த வண்டை மட்டும் மாற்றுங்கள். ஈ முட்டையே இல்லாத காய்ந்த எருவில் விட்டால் பசியில் பறந்துபோய்விடும்.

எண்ணுவதற்கு: குவியலின் உச்சியிலும் சரிவிலும் மேல் 5 செ.மீ. எருவை ஐந்தாறு இடத்தில் எடுத்து, புனலில் வலைமேல் பரப்பி, மேலே 40 வாட் குண்டுபல்பு எரியவிடுங்கள். இரண்டு நாளில் வண்டு, புழு, உண்ணி எல்லாம் கீழுள்ள பாட்டிலில் இறங்கிவிடும். உயிரோடு வேண்டுமானால் பாட்டிலில் ஈரத்தாள், எண்ண மட்டும் என்றால் ஆல்கஹால்.

வண்டு எண்ணிக்கையை மட்டும் வைத்து முடிவெடுக்க முடியாது. ஈ உட்காருமிடங்களில் வெள்ளை அட்டை பத்து (7.5 × 12.5 செ.மீ.) ஒட்டி, ஒரு வாரம் கழித்து ஈ விட்ட எச்சப் புள்ளிகளை எண்ணுங்கள். அட்டைக்கு 50ஐத் தாண்டினால்தான் மருந்தைப் பற்றி யோசிக்கவேண்டும். அட்டைகளை ஒவ்வொரு வாரமும் அதே இடத்தில் ஒட்டுங்கள், இல்லையேல் ஒப்பிட முடியாது.