பெங்கால் கப்பல் எண்ணெய்க் கப்பலை விட்டுவிட்டு ஓடியதா?

குளச்சல்காரன்:
எங்க பாட்டா (அம்மாவுக்க அப்பா) இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் எச்.எம்.ஐ.எஸ். பெங்கால் என்ற (பிரிட்டிஷ் ஆட்சிக்கால இந்தியக் கடற்படை) கப்பலில் வேலை பார்த்தவர். எண்ணெய்க் கப்பலுக்குக் காவலாப் போனப்ப ஜப்பான்காரனுக்க ரெண்டு கப்பல் மறிச்சதையும், அதில் ஒண்ணு கண்ணெதிரே வெடிச்சதையும் சாகும்வரை சொல்லிட்டே இருந்தார். கடைசியில், "அவங்கள விட்டுட்டு வந்துட்டோம் மக்கா" என்பார். அப்புறம் எழும்பிப் போய் வலைப் பக்கத்துல இருந்துடுவார். நிஜமாவே விட்டுட்டு ஓடினாங்களா? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

மார்த்தாண்டம் மாலுமி:
ஓடலை தம்பி. 1942 நவம்பர் 11, இந்தியப் பெருங்கடலில் கொக்கோஸ் தீவுகளுக்குத் தென்மேற்கே. பெங்கால் ஆஸ்திரேலியாவில் கட்டின சின்னக் கப்பல், கண்ணிவெடி அகற்றத்தான் கட்டினது. அதில் இருந்த பெரிய பீரங்கியே ஒரு 12 பவுண்டர்தான், அதாவது அஞ்சு கிலோ சொச்சம் எடையுள்ள குண்டு சுடுற சின்னப் பீரங்கி. ஆஸ்திரேலியாவின் ஃப்ரீமாண்டில் துறைமுகத்தில் இருந்து ஒண்டினாங்கிற டச்சு டேங்கரோடு (எண்ணெய்க் கப்பல்) டியகோ கார்சியா தீவுக்குப் போகுது. எதிரே வந்த ஜப்பான் கப்பல்கள் ஹோக்கோக்கு மாரு, ஐக்கோக்கு மாரு ரெண்டும் தலா 10,000 டன்னுக்கு மேல், 14 செ.மீ. பீரங்கிகளோடு. தளபதி வில்சன் டேங்கரைத் தப்பிப் போகச் சொல்லிட்டு, தன் கப்பலை எதிரியைப் பார்த்து நேரா திருப்பினார். ஓடுறவன் செய்யுற காரியமா இது? குண்டு தீரப் போன பிறகுதான் புகைத்திரை போட்டு விலகினாங்க. அதுக்குள்ள ஹோக்கோக்கு மாரு வெடிச்சு மூழ்கியாச்சு. ஒண்டினாவும் போச்சுன்னே நினைச்சிருக்காங்க.

நாகர்கோவில் வரலாறு:
ஆனா ஒண்டினா மூழ்கலை. கேப்டன் ஹோர்ஸ்மன் குண்டு பட்டு இறந்தார். மற்றவங்க படகில் இறங்கினாங்க. அந்தப் படகுகளையும் ஐக்கோக்கு மாரு சுட்டுது. டார்பிடோ வாங்கியும் கப்பல் மிதந்தது. எதிரி போனதும் மிஞ்சினவங்க திரும்ப ஏறி, தீயை அணைச்சு, ஃப்ரீமாண்டிலுக்கே ஓட்டிட்டுப் போனாங்க. ஹோக்கோக்கு மாருவை முடிச்சது யார் குண்டுன்னு பெங்கால்காரங்களும் ஒண்டினாகாரங்களும் உரிமை கொண்டாடினாங்க. ஒண்டினாவின் 4 அங்குல பீரங்கிதான் என்பது என் கணிப்பு. அதனால் பெங்காலுக்குப் பெருமை குறையாது. முதல்ல எதிர்த்துப் போனது அதுதான்.
பாட்டாவுக்க பதக்கம் இருக்கா? இந்தியப் படையினருக்குக் கொடுத்த நட்சத்திரப் பதக்கங்களின் பின்புறம் பேரும் எண்ணும் பொறிச்சிருக்கும். அந்த எண் இருந்தா கடற்படைக்கு எழுதி அவர் பணிப் பதிவைக் கேட்கலாம்.

குளச்சல்காரன்:
ரெண்டு பேருக்கும் நன்றி அண்ணா. அம்மாவுக்க டிரங்குப் பெட்டியில ரெண்டு நட்சத்திரம் கிடக்கு. எழுத்து தேஞ்சு போச்சு. நாளைக்குப் பகல் வெளிச்சத்துல பார்த்து எண்ணைப் போடுதேன்.
அந்தக் கப்பல் கரை சேர்ந்ததை பாட்டா ஒருநாளும் சொன்னதில்லை. படகில இருந்தவங்களைச் சுட்டதை மட்டும் சொல்லியிருக்கார்.